ஒரு வீட்டுக்கு ரெண்டு கோலம்

எங்கள் பழைய வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகள்தான். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படி விட்டுவைப்பார்கள். கீழ்வீடு முடிந்து தளம் போட்ட பிறகும் தூண் கம்பிகளை அறுக்காமல் நெஞ்சு உயரத்துக்கு வானத்தைப் பார்க்க நிறுத்திவிடுவார்கள். என்றைக்காவது கை கொஞ்சம் தாராளமானால் அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டி மாடி எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித் தலையில் கம்பியோடுதான் நின்றன. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் சிமெண்டைத் தண்ணியாகக் கரைத்து, பழைய பிரஷ் ஒன்றால் ஒவ்வொரு கம்பிக்கும் பூசிக்கொண்டிருப்பார். "துரு தின்னுட்டுன்னா பொறவு மாடியாவது ஒண்ணாவது" என்பார். அம்மாவுக்கு அந்தக் கம்பிகளால் கண்ட பலன் ஒன்றுதான். அதில் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போடுவாள். அப்பாவின் வருங்கால மாடியில் எங்கள் பாவாடைகளும் அவருடைய மில் சட்டைகளும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் மத்தியானம் அம்மா அந்தக் கொடியை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். மாடி எடுப்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் நடந்த பேச்சு எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் முடிந்தது.

இப்போது என் வீட்டிலும் அதே பேச்சு. பாளையங்கோட்டையைத் தாண்டி நானும் என் கணவரும் கட்டிய வீட்டிலும் கம்பிகள் நிற்கின்றன. நானும் அதில் கொடி கட்டியிருக்கிறேன். என் கணவருக்கு ஒரே ஒரு தங்கை. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகவே காலத்தைக் கழித்துவிட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன் என்று சொன்ன அன்றே என் கணவர் இன்ஜினியரைக் கூப்பிட்டு மாடிக்குப் படம் போடச் சொல்லிவிட்டார். தங்கைக்கு மாடி, எங்களுக்குக் கீழ்வீடு, ஹாலுக்குள்ளிருந்தே படிக்கட்டு. படத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. படி வெளியே இருக்கட்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என் தங்கச்சிய வெளிய நிறுத்தப் பாக்கியா?" என்று கேட்டார். என் அப்பா என் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி, வார்த்தை மாறாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அவருக்குக் கோபம். அதற்கு விளக்கம் சொல்லப் போனால் அம்மாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அம்மாவிலிருந்து என்றால் அத்தையிலிருந்து. அப்பாவின் தங்கையைக் களக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வாழை விவசாயம், சொந்தமாக வயல், குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடம். மாமா மட்டும்தான் குறை. அவர் இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்துக்கொண்டார். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை கிடையாது. வந்த அன்று அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றிப் போட்டாள். அத்தை சாப்பிட்டுவிட்டு முதல் வேலையாகத் தட்டைக் கழுவப் போனாள். அதிலிருந்து அந்த வீட்டில் அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் எழுந்து, எங்களுக்குப் பின்னால் அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தாள். மற்ற நேரமெல்லாம் மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். எங்கள் பக்கத்தில் பெண்களுக்குப் பட்டென்று கிடைக்கிற வேலை அது ஒன்றுதான்.

இவ்வளவு செய்தும் எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்வாள். "மதினி, கொஞ்சம் காப்பி போட்டுக்கிடட்டா?" "மதினி, இந்த வாளிய எடுத்துக்கிடட்டா?" அம்மாவுக்கு அது எரிச்சலாக வரும். "ஏளா, நீ என்ன விருந்தாளியா? எடுத்துத் தொலையேன்" என்பாள். எல்லாவற்றையும் விட அம்மாவை வருத்தியது வாசல்தான். விடியற்காலையில் அத்தை வாசலைப் பெருக்குவாள், சாணி தெளிப்பாள், கோலப்பொடி டப்பாவையும் எடுத்துவந்து வைப்பாள். ஆனால் கோலம் போட மாட்டாள். அம்மா வரும்வரை ஓரமாக நிற்பாள். "எவ்வளவு அழகா போடுவ நீ, போடேன்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "அது உங்க வாசல் மதினி" என்று முடித்துவிடுவாள். அத்தை கல்யாணத்துக்கு முன்னால் போட்ட கோலத்தைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வருமாம். அம்மா போடுவது எப்போதும் ஒரே கோலம், அதுவும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

தங்கை அடுப்படியில் படுப்பதை அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளைகள் காலத்துக்கென்று வைத்திருந்த மாடியை இப்போதே எடுத்துவிடலாம் என்றார். உடனே பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன், மூன்று வீடு தள்ளி இருந்தார், தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேசித் தீர்க்க முடியாத விஷயம் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான். "ஏலே, நீ மாடி எடுத்துக் குடுத்துட்டேன்னா அவ எப்படிலே திரும்பிப் போவா? நாமளே அவ வாழ்க்கைய முடிச்சு வச்ச மாதிரில்லா ஆயிரும். பொறு, நான் களக்காடு போயி பேசிட்டு வாரேன்" என்றார். போனார், பேசினார், சம்பந்தி வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார், மாப்பிள்ளை கொஞ்சம் மனசு இறங்கிவருகிறார் என்று செய்தியோடு திரும்பினார். பிறகு மறுபடி போனார். இவர் போகப் போக அப்பா கம்பிக்கு சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். மாடி எடுத்தால் அத்தை இனி இங்கேதான் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. எடுக்காவிட்டால் இன்றோ நாளையோ அனுப்பிவைக்கப்படப் போகிறவள் என்று அத்தைக்கே சொன்ன மாதிரி. இரண்டுக்கும் நடுவில் அப்பாவுக்கு வாய் எழவில்லை.

அந்த மத்தியானம் சாரல் வருகிற மாதிரி இருந்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வர, காய்ந்த துணியை எடுக்க அம்மாவும் அத்தையும் மாடிக்கு ஓடினார்கள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா துணியை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"உங்கண்ணன் மாடி எடுக்கணும்ங்காக. பெரியவுக வேண்டாம்ங்காக. ரெண்டு பேர்ல யாராவது உங்கிட்ட கேட்டாகளா?"

அத்தை இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அப்போ நான் கேக்கேன். உனக்கு எப்படி வேணும்?"

"எப்படின்னாலும் சரிதான் மதினி."

"அது பதிலா? திரும்பிப் போணும்னு நெனப்பு இருக்கா?"

"செத்தாலும் போகமாட்டேன்." அதை மட்டும் அத்தை யோசிக்காமல் சொன்னாள்.

"சரி, அப்போ மாடி வேணும். பொறவு?"

அத்தை கையிலிருந்த சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அம்மா அவசரப்படுத்தவில்லை. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. துணி நனைகிறதே என்று எனக்குத்தான் பதைப்பாக இருந்தது. கடைசியில் அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "படி வெளிய இருந்தா நல்லாருக்கும் மதினி. எனக்குன்னு ஒரு வாசல் இருக்கும்லா. காலைல எந்திச்சு அதுல ஒரு கோலம் போடுவேன்." சொல்லிவிட்டு உடனே பயந்துபோனாள். "அண்ணன்ட்ட சொல்லிராதீங்க. என் வீட்ல உனக்கு என்ன கொறன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்கு வேணும்னு நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள் அம்மா. அப்போதுதான் நான் நிற்பதைக் கவனித்தாள். கிட்டே வந்து என் தொடையைப் பிடித்துத் திருகி, "ஏட்டி, இங்கன கேட்டது இங்கனயே இருக்கணும். வாயத் தொறந்த, தொலிய உரிச்சிருவேன்" என்றாள். பிறகு அந்தக் கம்பிகளிலிருந்து கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். கல்லும் மணலும் வந்து இறங்கப்போகிற இடத்தில் இனிக் கொடி எதற்கு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அத்தை நனைந்த துணியோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அப்பாவிடம் அதைக் கேட்ட விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. மாடி எடுங்கள், ஆனால் வீட்டுக்குள் படி வைக்கக் கூடாது என்றாள். ஹால் பாதி போய்விடும், புழங்க இடம் இருக்காது, ஏறுகிற இறங்குகிற சத்தம் தனக்கு ஆகாது, தலைவலிக்காரி நான் என்றாள். அம்மாவுக்குத் தலைவலி வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அப்பா முதலில் நம்பவில்லை, பிறகு கொதித்துப்போனார். "என் தங்கச்சிய வெளிய நிறுத்தப் பாக்கியா? அவ சட்டிபானை மாதிரி வெளிய கெடக்கணுமா?" என்று கத்தினார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்படித்தான் வச்சுக்கோங்க" என்றாள். அப்பா பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போடு என்பதைக்கூட எங்களிடம்தான் சொல்லி அனுப்புவார். அத்தை அழுதுகொண்டு அம்மாவின் கையைப் பிடித்தபோது, "அவுக கோவம் எனக்குப் புதுசா? நீ கம்முனு இரு" என்று விரட்டிவிட்டாள். கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார். அம்மாவின் பிடிவாதத்துக்கு முன்னால் அவர் நின்ற சரித்திரம் கிடையாது.

தெரு சும்மா இருக்குமா? தண்ணிக் குழாயடியில் அம்மாவின் காது கேட்கவே பேசினார்கள். வாழாமல் வந்தவளைப் படியில் ஏற்றி வெளியே தள்ளிவிட்டாள், அண்ணன் பெண்டாட்டி என்றால் இவளல்லவா என்றார்கள். பெரியப்பா வேறு, நான் அப்பவே சொன்னேனே, பேசி அனுப்பியிருந்தால் இந்த அவமானம் உண்டா என்றார். அம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவாள். கூடப் போகிற எனக்குத்தான் உள்ளே பொங்கும். அத்தை கேட்டதைத்தான் அம்மா செய்கிறாள் என்று குழாயடியில் நின்று கத்தவேண்டும் போலிருக்கும். தொடையில் திருகிய இடம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வேன். ஒருநாள் பொறுக்காமல், "எல்லாரும் உன்னத்தான திட்டுதாக, உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நம்மளத் திட்டினா நமக்கு ஒரு நாள் சோறு எறங்காது. அவளத் திட்டினா அவ பொட்டிய எடுத்துட்டு எங்கயாவது போயிருவாட்டி" என்றாள். அதற்கு மேல் அவள் விளக்கம் சொன்னதில்லை. எனக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் படி ஏறியது. அதற்காக முருங்கை மரம் போயிற்று. இடம் போதாமல் கொத்தனார் படிகளை நெருக்கிப் போட, கணக்கு எங்கோ பிசகி, கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாக நின்றுவிட்டது. இடித்துத் திரும்பப் போட அப்பாவுக்கு மனமில்லை. புது ஆள் யார் ஏறினாலும் அங்கே தடுக்குவார்கள். எங்களுக்கு மட்டும் கால் தானாக உயரும். இப்போதும் எந்த ஊரில் எந்தப் படி ஏறினாலும் கடைசிப் படியில் என் கால் கொஞ்சம் கூடுதலாகத்தான் எழும்புகிறது. என் ஆபீஸில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மாடிக்கு நிலை வைக்கிற அன்று ஒரு சின்னச் சிக்கல். வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது வீட்டுச் சுமங்கலி செய்கிற வேலை. புருஷனை விட்டு வந்தவளை அதில் சேர்ப்பதா கூடாதா என்று உறவுக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் அம்மாவைப் பூசச் சொன்னார்கள். அம்மா குனிந்தாள், குனிந்தபடியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, புடிச்சிக்கிட்டு. என்னால ஆகாது. ஏளா, நீயே பூசிரு" என்று மஞ்சள் கிண்ணத்தை அத்தையின் கையில் திணித்துவிட்டாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, யாரும் தடுக்க நேரமில்லை. அத்தை அந்த வேப்பமர நிலைக்கு மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூசினாள். அம்மா முனகிக்கொண்டே ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பந்தி பரிமாறும்போது அவளுக்கு இடுப்பு சரியாகிவிட்டது. அம்மா அத்தைக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித் தன்னுடைய குறையாகச் சொல்லித்தான் கொடுப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

மாடியில் பால் காய்ச்சிய மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு கோலங்கள் இருந்தன. கீழ்வாசலில் அம்மாவின் கோலம், வழக்கம்போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. படிக்கட்டின் காலடியில் அத்தையுடையது. புள்ளி வைத்துச் சுற்றிச் சுற்றிப் போன அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றேன். அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "என் கோலத்துக்குப் பக்கத்துல போட்டு மானத்த வாங்குதாளே" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தெரு அதையும் விடவில்லை. எங்கள் பக்கம் ஒரு குடும்பத்துக்கு ஒரு கோலம்தான். ஒரு வீட்டின் முன்னால் இரண்டு கோலம் விழுந்தால் அடுப்பு இரண்டாகிவிட்டது, குடும்பம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். உண்மையில் குழம்புச் சட்டி அந்தப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் தெருக் கோயில் கொடை வந்தது. அம்மன் கோயிலுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற திருவிழா. அதற்குத் தெருவில் ஒவ்வொரு குடும்பமும் வரி கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தை ஒரு தலைக்கட்டு என்பார்கள். தலைக்கட்டு என்றால் ஆண்பிள்ளை பெயர்தான். புருஷன் இல்லாத பெண் தனியாக இருந்தால் பாதி வரி, அண்ணன் தம்பி வீட்டில் இருந்தால் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. வரி வாங்கப் பெரியப்பாவும் இன்னொருவரும் நோட்டோடு வந்தார்கள். பெரியப்பா படிக்கட்டடியில் இருந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற குரலில், "ஏலே தம்பி, ஒரு வீட்டுக்கு ரெண்டு கோலம் போட்டிருக்கிய. ரெண்டு கோலம்னா ரெண்டு வரில்லா?" என்றார். கேலிதான், ஆனால் கேலிக்குள் ஊசி இருந்தது. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னண்ணே பேசுதிய? எல்லாம் ஒரே குடும்பம்தான், ஒரு வரிதான்" என்று ஆரம்பித்தார். அம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மேலே கதவு திறந்தது.

அத்தை படியில் இறங்கி வந்தாள். பீடி இலைத் துணுக்குகள் சேலையில் ஒட்டியிருந்தன. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டே வந்து கடைசியில் தன் கோலத்தை மிதிக்காமல் தாண்டி நின்றாள். "ஆமாண்ணே, ரெண்டு வரிதான். எனக்கு எழுதுங்க" என்றாள். பெரியப்பா இதை எதிர்பார்க்கவில்லை. "விளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்று சமாளித்தார். அத்தை கையை நீட்டியபடியே நின்றாள். அவர் பேச்சில் கொஞ்சம் இறங்கி, "சரி, பொம்பளத் தலைக்கட்டுக்கு அரை வரி போதும்" என்றார். "முழு வரி எழுதுங்கண்ணே. அரை வரி குடுத்துட்டு சாமிய அரையாவா கும்பிடப் போறேன்?" என்றாள் அத்தை. கூட வந்தவர் சிரித்துவிட்டார். யார் பெயரைப் போடுவது என்று பெரியப்பா பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். "என் பேருதான். ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான எனக்கு அந்தப் பேர வச்சிய" என்றாள். பெரியப்பா நோட்டில் எழுதினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாரேம்மா" என்று அத்தையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். களக்காட்டுக்கு அவர் பிறகு பேசப் போகவில்லை.

கொடை முடிந்து வரி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் தேங்காய் முறியும் பழமும் திருநீறும் கொடுத்தனுப்பினார்கள். மாடிக்குத் தனியாக ஒரு முறி வந்தது. அத்தை அதை அம்மாவிடம் கொடுக்கவில்லை. தானே துருவி, வற்றல் மிளகாய் வைத்துத் துவையல் அரைத்து, ஒரு கிண்ணத்தில் கீழே கொண்டுவந்து கொடுத்தாள். "மதினி, எங்க வீட்டுத் தேங்கா" என்றாள். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரப்பு தலைக்கேறிட்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டில் எதையும் கேட்டுக்கொண்டு எடுத்ததில்லை. நேராக வந்து வாளியை எடுப்பாள், மறுநாள் அம்மா மாடிக்குப் போய் அதைச் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிவருவாள்.

அம்மா போய்ப் பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தெருவே வந்திருந்தது. பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பழைய குழாயடிக்காரி ஒருத்தி, "நல்லவதான், ஆனா நாத்தனாள வெளிய வச்சவள்லா" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அத்தை எழுந்து நின்றாள். அவளுக்கும் அப்போது தலை வெளுத்துவிட்டது. "படிய வெளிய போடச் சொன்னது நான். எங்கண்ணன்ட்ட கேக்க எனக்கு நாக்கு வரல. எனக்காக எங்க மதினி கேட்டா. நீங்க எல்லாரும் பேசின பேச்ச அவ வாங்கிக்கிட்டா. அவ இருக்கும்போது சொல்லவிடல, சத்தியம் வாங்கியிருந்தா. இன்னைக்குச் சொல்லுதேன்" என்றாள். அப்பா சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "சண்டாளி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்று அம்மாவின் படத்தைப் பார்த்துச் சொன்னார். திட்டுகிற மாதிரி இருந்தாலும் அதைவிட அன்பாக அவர் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் என் ரத்தத்தில் ஊறியிருக்கும்போது, ஹாலுக்குள் படி என்று இன்ஜினியர் போட்ட படத்தை நான் எப்படி ஒத்துக்கொள்வேன்? கணவரோடு வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவின் இடத்தில் இப்போது நான் நிற்கிறேன், நானும் கெட்ட பெயரை வாங்கிக்கொள்ளத் தயார் என்று ஒரு பெருமிதம் வேறு. கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. அவகிட்ட கேட்டியா?" என்றார். வெளிப்படியை ஞாபகம் வைத்திருந்தேன், கோலத்தை ஞாபகம் வைத்திருந்தேன், ஏச்சைக்கூட ஞாபகம் வைத்திருந்தேன். மழையில் துணி நனைய நனைய, பதில் வரும்வரை அம்மா நின்றதை விட்டுவிட்டேன். "நீங்க கேட்டியளா?" என்று திருப்பிக் கேட்டேன். அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டோம்.

என் நாத்தனார் முதலில் பிடிகொடுக்கவில்லை. உங்களுக்குத் தோதுப்படி செய்யுங்கள் மதினி என்றாள். அத்தையின் "எப்படின்னாலும் சரிதான்" எனக்குக் காதில் விழுந்தது. "அது பதிலா?" என்றேன். அம்மாவைப் போல நானும் பதிலுக்குக் காத்து நின்றேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மதினி, கோவிச்சுக்கிடக் கூடாது. ஆஸ்பத்திரில நின்னு நின்னு எனக்கு முட்டி போயிட்டு. படியே ஏற முடியல. நீங்க எனக்குன்னு ஆசையா மாடி கட்டுதிய, நான் எப்படிச் சொல்லன்னு இத்தன நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்குக் கீழ்வீட்டத் தருவியளா? நீங்க ரெண்டு பேரும் மேல போங்களேன்." என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும். எவ்வளவு நாளாக அங்கே தனியாக அந்த முட்டியை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாளோ. "வாசல்ல தினம் கோலம் போடுவியா?" என்று கேட்டேன். "எனக்கு எங்க மதினி கோலம் தெரியும்? ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிருதேன்" என்றாள். அவள் வாசல், அவள் இஷ்டம்.

ஆகவே மாடி உண்டு, படியும் வெளியேதான், ஆனால் ஏறப்போவது நாங்கள். செய்தியைச் சொல்ல விக்கிரமசிங்கபுரம் போனேன். கீழ்வீட்டில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. அத்தை இன்னும் மாடியில்தான். காலையில் கைப்பிடிக் குழாயைப் பிடித்துப் பைய இறங்கிவந்து தன் வாசலில் கோலம் போடுகிறாள், முன்னைவிடச் சின்னதாக. நான் கடைசிப் படியில் காலைத் தூக்கிவைத்து ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் சிரித்தாள். "ஒங்கம்மா இருந்தா, எனக்கு மாடிதான் ஆசை, கீழ புழுங்குதுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பா" என்றாள். அப்படித்தான் செய்திருப்பாள். நானும் அதையே எங்கள் தெருவில் சொல்லத் தொடங்கிவிட்டேன். கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ ஒங்க வீட்டுலயும் ரெண்டு வாசல். ரெண்டு வரி கேப்பாக. முழுசா குடுத்துரு, என்ன" என்றாள்.

நாளைக்குக் கொத்தனார் வருகிறார். இன்று மத்தியானம் மொட்டைமாடிக்குப் போனேன். வருஷாவருஷம் சிமெண்ட் பூசி வைத்த கம்பிகள் துருப்பிடிக்காமல் நிற்கின்றன, அது அப்பா கொடுத்த பழக்கம். துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொடியை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, கைக்கு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். கயிற்றில் சோப்பும் வெயிலும் சேர்ந்த ஒரு ருசி. அம்மாவின் வாயிலும் அன்றைக்கு இதே ருசிதான் இருந்திருக்கும்.